கடன்சொல்லும் பொருளுரிமையும்
ஸ்லாவிய மொழிகளில் ஜேர்மன் சொற்கள் குறித்து

மொழிகளுக்கிடையே நிகழும் சொற்கடன் பற்றி எழுதுவோர் பலர் வணிகரின் கணக்கேட்டு முறையையே பின்பற்றுவர். எவர் எவருக்கு எத்தனை சொற்களைக் கொடுத்தனர் என எண்ணி, கொடுத்தோரை உயர்ந்தோராகவும் கொண்டோரைத் தாழ்ந்தோராகவும் நிறுவுவர். ஜேர்மன் மொழிக்கும் ஸ்லாவிய மொழிகளுக்குமுள்ள உறவு இவ்வாறு நோக்கப்பட்டமை வெறும் மொழியியற் குறைபாடன்று. கிழக்கே நாகரிகத்தைச் சுமந்து சென்றோர் ஜேர்மானியரே என்னும் கருத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பின்னர் நாஸிகளின் காலத்திலும் நில ஆக்கிரமிப்புக்கு நியாயம் கற்பிக்க உதவிற்று. எனவே அக்கணக்கேட்டின் தகுதி ஆராயப்படவேண்டியதாகும்.

814ஆம் ஆண்டில் மறைந்த பேரரசன் கார்லின் இயற்பெயர், செக்கில் க்ரால் எனவும் போலிஷில் க்ரூல் எனவும் ருஷ்யத்தில் கரோல் எனவும் திரிந்து, அரசனைக் குறிக்கும் பொதுப்பெயராயிற்று என்பர். ஜேர்மன் மொழியிலோ அஃது இன்றும் ஆட்பெயரே. அதனினும் தொன்மையான ஜேர்மானியக் கிளைச்சொல் ஒன்று, அரசன் என்னும் பொருளுடன் ஸ்லாவியருள் புகுந்து, ருஷ்யத்தில் இளவரசனையும் செக்கில் குருவானவரையும் சுட்டலாயிற்று. போலிஷில் அதன் வழிவந்த இரு சொற்கள் இவ்விருவரையும் தனித்தனியே குறிக்கின்றன. குலம், வகை என்னும் பொதுப்பொருளில் வந்த சொல்லே போலந்தின் நிலவுடைமை உயர்குடியினரான 'ஷ்லாஹ்தா' ஆயிற்று. ஓர் ஆளும் வர்க்கம் தன் பெயரையே அயல்மொழியிலிருந்து பெற்றுத் தன் வரலாற்றை அதனுள் நிரப்பியதெனின், அங்கே கடன் எது, ஆக்கம் எது?

ருஷ்யச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. பொய்மயிர் செய்வோனைக் குறித்த ஜேர்மன் சொல், பொய்மயிர் அணியும் வழக்கு ஒழிந்தபின்னும் 'பரிக்மாஹெர்' என நிலைத்து முடிதிருத்துவோனைக் குறிக்கிறது. வெண்ணெய் பூசிய பாண் எனப் பொருள்பட்ட 'புத்தர்ப்ரோத்', வெண்ணெய் சிறிதுமின்றி மீனோ இறைச்சியோ வைத்த பாண்துண்டுக்கும் பெயராகிறது. கழுத்துத்துணியைக் குறித்த சொல் 'கால்ஸ்துக்' என்னும் கழுத்துப்பட்டியாயிற்று. எனினும் 1922இல் தோன்றிய சோவியத் முன்னோடிச் சிறுவர் இயக்கத்தினர் அணிந்த செந்துணியும் அப்பெயரையே பெற்றமையால், சொல் தன் பழம்பொருளை அயல்மண்ணில் மீட்டுக்கொண்டது என்னலாம்.

பொருள் திரியாதவையும் உள. கூரையைக் குறிக்கும் 'தாஹ்', கட்டாயத்தை உணர்த்தும் 'முஷியேச்' என்னும் போலிஷ் சொற்கள் அத்தகையன. 1257இல் ஜேர்மன் நகரச் சட்டத்தைப் பெற்ற கிராக்கோவ் முதலிய நகர்களின் வழியே கைவினையும் ஆட்சிமுறையும் பரவியமையை மறுப்பது நேர்மையாகாது. அவ்வாறு மறுக்க முனைந்த தூய்மைவாதமும் முழுவெற்றி பெறவில்லை. யுங்மனின் செக் அகராதி (1834–1839) போலிஷிலும் ருஷ்யத்திலுமிருந்து சொற்களைக் கொணர்ந்து இலக்கியமொழியை வளம்படுத்திற்று. ஆயினும் வேலை முடியும் வேளையைச் செக் தொழிலாளர் இன்றும் 'ஃபய்ரொன்த்' என்றே அழைப்பர். பட்டறை மொழி அகராதிக்கு அவ்வளவு எளிதில் கட்டுப்படுவதில்லை. 'இவன் பெயர் என்ன?' என்னும் ஜேர்மன் வினாவைப் பெயர் தெரியாத கருவிக்கே பெயராக்கிய போலிஷ் 'விஹாய்ஸ்தெர்' அதற்கு நகைச்சுவை மிக்க சான்று.

கணக்கேட்டில் மறுபக்கமும் உண்டு. எல்லையைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லாகிய 'கிரென்ட்ஸ' ஸ்லாவியரிடம் பெற்றது. அவ்வெல்லையைக் கடந்தோர் தமக்குச் சூட்டிய 'நாகரிகம் சுமப்போர்' என்னும் பெயரும் 'குல்தூர்த்ரேகெர்' என ருஷ்யத்துட் புகுந்தது. ஆங்கு அது நாகரிகத்தின் பெயரால் ஆதிக்கம் செய்வோனை எள்ளும் சொல்லாகவும் வழங்குகிறது.