வளன் என்றொரு பெயர்

வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் பற்றிப் பெருமிதத்தோடு பேசும் நம்மில், அதனைத் திறந்து படித்தோர் சிலரே. திறந்தவர்களும் தொடக்கத்திலேயே தயங்கி நிற்கிறார்கள். காப்பியத் தலைவரின் பெயரே நமக்குப் புதிதாயிருப்பது இதற்கொரு காரணம். நாம் அறிந்தவர் சூசையப்பர். காப்பியத்தில் வருபவரோ வளன்.

இருபெயரும் ஒருவருக்கே உரியவை. வந்த வழிகளே வேறு. சூசை என்பது போர்த்துக்கீசியரின் ஒலி நம் முன்னோர் நாவில் பழகி உருவானது. எபிரேயத்தில் யோசேப்பு என்பதற்கு 'இறைவன் மேலும் சேர்த்துத் தருவாராக' என்பது பொருள். தொடக்கநூல் முப்பதாம் அதிகாரத்தில், நெடுநாள் மகப்பேறின்றி வருந்திய ராகேல் தம் மகனுக்கு இப்பெயரிடுவதைக் காண்கிறோம். 1680இல் இத்தாலியில் பிறந்து, இங்கு வந்து தமிழ் கற்ற முனிவர், ஒலியை விடுத்துப் பொருளைப் பற்றினார். பெருகச் செய்யும் இறைவனின் கொடை, தமிழில் வளன் ஆயிற்று.

இப்பெயரின் ஆழம், நூலின் அமைப்போடு சேர்த்துப் பார்க்கும்போதே விளங்கும். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட இக்காப்பியம் நாட்டுப் படலத்தில் தொடங்கி, நகரப் படலத்தைக் கடந்து, மூன்றாவதாக வளன் சனித்த படலத்தை அடைகிறது. யூதேயா நாடு மழையும் ஆறும் வயலும் நிறைந்த மருத நிலமாக நம்முன் விரிகிறது. "வறண்ட குன்றுகள் மிகுந்த யூதேயாவில் இத்தனை பசுமை ஏது?" என்று கேட்போர் உண்டு. சிந்தாமணியும் கம்பனும் வகுத்த மரபு என்று விடைகூறிக் கடந்துவிடுவோரும் உண்டு. அவ்விடை போதாது என்பது நம் கருத்து. நாட்டின் வளம், நகரின் வளம் என்று இரு படலங்களில் நம் செவியை நிரப்பிய பின்னரே, கைத்தொழிலால் வாழப்போகும் ஒருவர் அதே சொல்லைப் பெயராகத் தாங்கிப் பிறக்கிறார். மெய்யான வளம் எது என்று கவிஞர் உரைக்காமல் உணர்த்துகிறார்.

திருமுழுக்கு யோவான் இந்நூலில் கருணையன் ஆகிறார். 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்னும் எபிரேயப் பொருளுக்கு ஏற்ற பெயர் இது. தாய் எலிசபெத்தின் மறைவுக்குக் கருணையன் புலம்பும் இடத்தில், மழைத்துளி காணாது வாடும் பயிராகத் தம்மைக் காண்கிறார். முனிவர் அங்கு ஆளும் சொல் 'இளங்கூழ்'. கூழ் என்றதும் கேழ்வரகுக் கூழை நினைக்கும் நாம் இடறிவிடுவோம். இளம்பயிர் என்பதே அங்குப் பொருள். வானத்தை நோக்கி நிற்கும் உழவரின் துயரை அறிந்த நெஞ்சுக்கு இதைவிடத் தெளிவாகத் தாயை இழந்த மகனின் நிலையைச் சொல்ல இயலாது.

இம்முறையால் இழப்பும் உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. விவிலியத்தில் பாலைநிலம் இறைவன் தம் மக்களோடு பேசும் இடம். கழனிகளின் பசுமையில் திளைக்கும் வாசகருக்கு அந்த வறட்சியின் உரம் எளிதில் புலப்படாது. ஆயினும், மறைநூலின் மாந்தர்களை விருந்தினராக வைத்திராமல் நம் மண்ணின் உறவினராக்கிய பேறு அவ்விழப்பினும் பெரிதென்றே நாம் எண்ணுகிறோம்.

2019இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கருணையனின் புலம்பல் இடம்பெற்றது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அதனைப் படித்தனர். பக்கத்து வீட்டுப் பிள்ளை நம்மிடம் வந்து, "கருணையன் யார்?" என்று கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் விடை கூறியிருப்போம்? உரையோடு கூடிய பதிப்புகள் உள்ளன. மார்ச்சு 19ஆம் நாள் வரும் சூசையப்பர் திருவிழாவுக்குள் வளன் சனித்த படலத்தையேனும் நம் இல்லங்களில் கூடியமர்ந்து படிப்போமாக.