முடிவிலியைக் கழித்தால் கணக்குத் தீருமா?

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் எந்தப் பிள்ளையும் செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. ஏற்றம் பெற்ற கோளமொன்றைச் சுற்றியுள்ள மின்புலத்தில் எவ்வளவு சக்தி இருக்கிறது? ஏற்றத்தின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால், ஒரு மாறிலி போக, விடை வந்துவிடும். ஆரையைப் பாதியாக்கினால் சக்தி இரட்டிக்கும், பூச்சியமாக்கினால் முடிவிலி. இலத்திரனையோ புள்ளித் துணிக்கை என்றுதான் படிக்கிறோம். அப்படியானால் அதன் புலத்தின் சக்தி முடிவிலி. ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி திணிவும் முடிவிலி. அளந்தாலோ அது 9.1 × 10⁻³¹ கிலோகிராம். இந்த முரண்பாட்டைக் கடக்கப் பௌதிகவியல் கண்ட வழிதான் ரீநோர்மலைசேஷன், அதாவது மீளியல்பாக்கம். அந்த வழியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியில் இலங்கைத் தமிழர் ஒருவருக்கும் பெரிய பங்கு உண்டு. நம் வகுப்பறைகளில் அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

முதலில் அந்த வழியின் நியாயத்தைப் பார்ப்போம். கல்முனைக்குடிக் கடற்கரையில் வலையில் கட்டும் ரெஜிபோம் மிதவையை எடுத்துக்கொள்ளுங்கள். அது உருண்டையானது, தான் இடம்பெயர்க்கும் நீரின் திணிவில் இருபதில் ஒரு பங்குதான் அதன் திணிவு என்று வைப்போம். நீருக்கடியில் அமுக்கிப் பிடித்துக் கையை எடுத்தால், ஆர்க்கிமிடிசையும் நியூற்றனையும் மட்டும் நம்பிப் போட்ட கணக்கில், அது புவியீர்ப்பு ஆர்முடுகலைப் போல் 19 மடங்கோடு மேலெழ வேண்டும். உண்மையில் புறப்படும்போது இரண்டு மடங்கைக்கூட எட்டாது. மிதவை நகர வேண்டுமானால் சுற்றியுள்ள நீரும் நகர வேண்டும்; இடம்பெயர்ந்த நீரின் பாதித் திணிவு கோளத்தின் சொந்தத் திணிவோடு சேர்ந்துகொள்கிறது. இலத்திரனுக்கு அந்த நீர் மின்காந்தப் புலம். ஒரேயொரு வேறுபாடு: மிதவையைக் கரையில் போட்டு நிறுக்கலாம், இலத்திரனை அதன் புலத்திலிருந்து வெளியே எடுக்க வழியில்லை. அதன் ‘வெற்றுத் திணிவை’ எவராலும் அளக்க முடியாது. எனவே அளக்க முடிந்த திணிவையே கணக்கில் இட்டு மற்ற விடைகளையெல்லாம் அதைக்கொண்டு சொல்கிறோம். இந்த அளவில் மீளியல்பாக்கம் நேர்மையான நடைமுறை. அதில் குறை காண நான் எதையும் பார்க்கவில்லை.

சிக்கல் ஆரையைப் பூச்சியமாக்கும்போதுதான் தொடங்குகிறது. 1938 இல் டிராக், குவாண்டம் கொள்கையைத் தொடாமல், பழைய மின்காந்தவியலிலேயே அதைச் செய்தார். முடிவிலியாகப் பெருகிய புலத்திணிவை அளந்த திணிவுக்குள் அடக்கினார். மிஞ்சியது இலத்திரன் கதிர்வீசும்போது அதன்மீது திரும்பி விழும் விசையையும் சேர்த்த ஓர் இயக்கச் சமன்பாடு. பார்வைக்கு அழகானது. ஆனால் ஆர்முடுகல் மாறும் வீதமும் அதில் நுழைந்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் டிராக்கின் கீழ் ஆய்வு செய்த யாழ்ப்பாணத்தவர் சி. ஜே. எலியேசர். பின்னாளில் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாவிலும் மெல்பேர்ண் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதப் பேராசிரியராக இருந்தவர். 1943 இல் அவர் எழுப்பிய வினா மிக எளியது: புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விழும் இலத்திரனுக்கு, இந்தச் சமன்பாட்டின்படி, என்ன ஆகும்? போய் மோதும் என்றுதான் எவரும் சொல்வர். எலியேசர் கண்ட விடை வேறு. இலத்திரன் புரோத்தனை அடையவே அடையாது. வழியில் வேகம் தளர்ந்து, நின்று, தன்னை ஈர்க்கும் புரோத்தனை விட்டுத் திரும்பி ஓடும். ஓட ஓட வேகமும் கூடிக்கொண்டே போகும். விசையே இல்லாத இடத்திலும் இலத்திரன் தானாக ஆர்முடுகும் தீர்வுகளை அந்தச் சமன்பாடு தருகிறது.

மீளியல்பாக்கத்தின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் இதையே மிகக் கூர்மையானதாக நான் கருதுகிறேன். முடிவிலிகளைத் தூக்கியெறிவது கணிதமே அல்ல என்று டிராக் பிற்காலத்தில் குவாண்டம் கொள்கையைக் குறைகூறிக்கொண்டே இருந்தார். அது ரசனை சார்ந்த மறுப்பு என்று ஒதுக்கிவிடலாம். எலியேசரின் விடையை அப்படி ஒதுக்க முடியாது. கழித்தல் குறையின்றி நடந்தது. ஆனால் திணிவில் மறைந்த சிக்கல் இயக்கத்தில் முளைத்தது. காரணமும் தெரிந்ததே. ஆரை சுருங்கச் சுருங்கப் புலத்திணிவு பெருகும்; மொத்தத் திணிவு மாறக்கூடாதென்றால் வெற்றுத் திணிவு மறைப் பெறுமானத்துக்குப் போகவேண்டும். மறைத்திணிவுள்ள பொருள் தள்ளிய திசைக்கு எதிரே ஓடுவதில் வியப்பில்லை.

குவாண்டம் கொள்கையில் நிலைமை பெரிதும் இளகுகிறது. 1947 இல் ஐதரசன் அணுவின் இரு மட்டங்களுக்கிடையே ஏறத்தாழ 1000 மெகாஹேர்ட்ஸ் வேறுபாட்டை லாம்பும் ரெதர்ஃபோர்டும் அளந்தார்கள். சில நாட்களுக்குள் ஹன்ஸ் பேத்தே, ரயில் பயணமொன்றில் தொடங்கிய கணக்கில், முடிவிலியைத் திணிவுக்குள் அடக்கி 1040 என்ற விடையைப் பெற்றார். ஷ்விங்கர், ஃபெய்ன்மன், டொமொனாகா, டைசன் கைகளில் அது முழு முறையாக வளர்ந்தது. இன்று இலத்திரனின் காந்தத் திருப்புதிறனில் கணக்கும் அளவீடும் பதினோரு தசம தானங்கள்வரை ஒத்துப்போகின்றன. மனிதர் செய்த கணிப்புகளில் இதைவிடத் துல்லியமாகச் சோதிக்கப்பட்டது அரிது.

தொடக்கத்தில் அந்த முறையில் ஓர் ஓட்டை இருந்தது. கணக்கைக் காட்டும் வரைபடங்களில் இரண்டு முடிவிலிகள் ஒரே கோட்டைப் பங்கிட்டுப் பின்னிக் கிடக்கும்போது ஒன்றைக் கழித்தால் மற்றது கெடும். அதை அவிழ்க்கும் வழியை 1950 அளவில் காட்டியவர், அப்போது கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராயிருந்த அப்துஸ் ஸலாம். அவருக்குக் கிடைத்த நோபல் பரிசை நம் ஊர்களில் பலரும் அறிவர். அதற்கு அடித்தளமிட்ட இந்த வேலையை அறிந்தோர் மிகச் சிலர். முடிவிலிகளை அடக்க முடிந்த கொள்கையே சரியான கொள்கை என்ற நம்பிக்கை அவரை, மின்காந்த விசையையும் நலிவு விசையையும் இணைக்கும் மின்நலிவுக் கொள்கைவரை கொண்டுபோனது. அந்தக் கொள்கை மீளியல்பாக்கத்துக்கு உட்படும் என்பதை 1971 இல் எட் ஹூஃப்ட் நிறுவினார். 1983 இல் அக்கொள்கை சொன்ன டபிள்யூ, இசட் துணிக்கைகள் சேர்ன் ஆய்வுகூடத்தில் அகப்பட்டன. ஒரு கணித நிபந்தனை இயற்கைக்கு வழிகாட்டிய அரிய சந்தர்ப்பம் இது. முறையின் மிகப் பெரிய பெருமையும் இதுவே.

ஆனால் அந்த நிபந்தனையைச் சட்டமாக்கியது பிழை. 1970களில் கென்னத் வில்சன் வேறு விளக்கம் தந்தார். மிகச் சிறிய தூரங்களில் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது. அது தெரியாமலே பெரிய தூரங்களின் கணக்கைச் செய்யலாம், ஏனெனில் அங்குள்ள விவரங்கள் சில எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே ஆரையைப் பூச்சியம்வரை கொண்டுபோகத் தேவையே இல்லை. கொள்கை எந்த எல்லைவரை செல்லும் என்று சொல்லி அங்கே நிறுத்தினால் போதும். மீளியல்பாக்கத்துக்கு உட்படாத உறுப்புகளும் கொள்கையில் இருக்கலாம். குறைந்த சக்தியில் அவற்றின் பங்கு மிகச் சிறிது, அவ்வளவுதான். நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டென்று 1998 இல் ஜப்பானின் சூப்பர் கமியோகண்டே காட்டியபோது, அதை விளக்க வைன்பர்க் 1979 இலேயே அத்தகைய உறுப்பொன்றை எழுதிவைத்திருந்தார்.

இந்தப் பார்வையில் நின்று எலியேசரின் முரண்பாட்டைப் பாருங்கள். ஆர்முடுகல் மாறும் வீதத்துக்குப் பதிலாக வெளிவிசை மாறும் வீதத்தை வைத்த மாற்றுச் சமன்பாடொன்றை அவரே 1948 இல் எழுதினார். அதில் தானாக ஓடும் தீர்வுகள் இல்லை. 1991 இல் ஃபோர்டும் ஓ’கொன்னலும் இலத்திரனைப் புள்ளியாக்காமல் சிறிதளவு பருமனை விட்டுவைத்துக் கணித்தபோது அதே வடிவத்துக்கு வந்துசேர்ந்தார்கள். எல்லையைத் தாண்டிப் போனதே நோய் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மீதமுள்ள குறை ஆழமானது. மீளியல்பாக்கம் இலத்திரனின் திணிவை விளக்குவதில்லை, அளவீட்டிலிருந்து வாங்கிக்கொள்கிறது. இலத்திரனில் இது பெரிய உறுத்தல் அல்ல. பழைய மின்காந்தவியலில் பிளாங்கு நீளம் எனும் மிகமிகச் சிறிய தூரம்வரை இறங்கினால் புலத்திணிவு அளந்த திணிவைப் போல் 10²⁰ மடங்கு அளவுக்கு ஏறிவிடும். குவாண்டம் கணக்கில், முதற்படித் திருத்தத்தில், அதே தூரம் இறங்கினாலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடும். ஹிக்ஸ் துணிக்கைக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் திணிவின் வர்க்கத்துக்கு வரும் திருத்தம் எல்லையின் வர்க்கத்தோடு வளர்கிறது. 2012 இல் கண்ட 125 ஜிகா இலத்திரன்வோல்ற்று என்ற சிறிய எண் ஏன் நிலைக்கிறதென்று எவரும் திருப்தியாகச் சொல்லவில்லை. கழித்தால் விடை வருகிறது, விளக்கம் வரவில்லை. இங்கே மீளியல்பாக்கத்தைத் தீர்வு என்று கற்பிப்பது மாணவருக்குச் செய்யும் தவறு.

இது முடிந்துபோன பழங்கதையும் அல்ல. அதிவலு லேசர்க் கதிரோடு இலத்திரன் கற்றையை மோதவிட்டுக் கதிர்வீச்சின் எதிர்விசையை அளந்த பிரித்தானியப் பரிசோதனைகளின் முடிவுகள் 2018 இல்தான் வெளியாயின. எலியேசர் காகிதத்தில் தொட்ட விசை அது.

சம்மாந்துறையில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தின் பௌதிகவியல், கணித விரிவுரையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். எலியேசரின் 1943, 1948 கட்டுரைகளை இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு ஆய்வுத் திட்டமாகக் கொடுங்கள். வகையீட்டுச் சமன்பாடும் ஒரு மடிக்கணினியும் போதும்; துணிக்கை முடுக்கி தேவையில்லை. திறமை காட்டும் பிள்ளையை, வசதி குறைந்த நாடுகளின் ஆய்வாளருக்காக ஸலாம் 1964 இல் ட்ரியெஸ்டே நகரில் தொடங்கிய நிலையத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.