மறுவாழ்வு என்று எழுதிய பலகை

மண்டபம் என்ற ஊரில் உள்ளது போன்ற முகாம்களை 'இலங்கை அகதிகள் முகாம்' என்று சொல்லிவந்த தமிழக அரசு, 2021 ஆகஸ்டில் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. அகதி என்றால் கதியற்றவர். அந்தச் சொல் போனது நல்லதே. ஆனால் 1983க்குப் பின் படகேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாமல் வளர்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்ன?

இந்தக் கேள்விக்கு நம் சொல்லில் இடமே இல்லை. மறுநாள், மறுமணம் போல மறுவாழ்வும் இன்னொரு வாழ்வைத்தான் குறிக்கிறது. பறிபோனது திரும்பியதா என்று கேட்பதில்லை. மறுவாழ்வு என்று நாம் மொழிபெயர்க்கும் ரிஹாபிலிடேஷன் என்பதன் லத்தீன் மூலமோ இழந்த தகுதியையும் உரிமையையும் திருப்பித் தருவதைக் குறித்தது. ரஷ்ய மொழி அந்தப் பொருளைக் காப்பாற்றி வைத்தது. 1938இல் சுட்டுக் கொல்லப்பட்ட போல்ஷெவிக் தலைவர் நிக்கோலாய் புகாரின் மீதான தீர்ப்பை 1988இல் சோவியத் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் ரிஹாபிலிடேஷன் என்றே அழைக்கப்பட்டது. உயிர் வரவில்லை, பெயர் வந்தது. குற்றம் செய்தது தான்தான் என்று அரசு ஏற்க வேண்டியிருந்தது.

மறுவாழ்வைப் புனர்வாழ்வு என்று சொல்லும் இலங்கையில் இந்தப் பொருள் தலைகீழானது. 1985இல் தொடங்கிய தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் பெயரில் புனர்வாழ்வு என்றால் இடம்பெயர்ந்தோருக்குச் சோறும் கூரையும். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பின் அதே சொல், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் புலிகளைத் தடுத்துவைத்த முகாம்களுக்குப் பெயரானது. பெரும்பாலோர் மீது வழக்கு இல்லை, தீர்ப்பும் இல்லை. வெளியே வந்த பிறகும் 'புனர்வாழ்வளிக்கப்பட்ட முன்னாள் போராளி' என்ற அடைமொழி விடவில்லை. திருத்தப்பட வேண்டியவர் அவரே என்று அந்தச் சொல் முடிவுகட்டிவிட்டது. போர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விசாரணையற்ற காவலுக்கு இப்படிப் பெயரிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

சொல் தன் வேலையைச் செய்த இடம் வேலூர். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானார். அங்கே அளவுகோல் கண்ணுக்குத் தெரியும். விரல் நிமிர்ந்து டம்ளரைப் பிடிக்கிறதா? பிடித்தால் திரும்பியது.

கையால் மலம் அள்ளும் வேலையிலிருந்து மீட்கப்படுபவருக்கு 2013ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தை ஒட்டி ஒருமுறை தரப்படும் 40,000 ரூபாயை அந்த அளவுகோலில் வைத்தால் நிற்காது. அது சில மாதச் செலவு; பறிக்கப்பட்டது தலைமுறைகளின் மானம்.

ஆகவே என் தீர்ப்பு இது: எதைத் திருப்பித் தருகிறோம் என்று பெயர் சொல்ல முடியாத இடத்தில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. மண்டபத்துக்கு அரசு தந்த வீடும் உதவித்தொகையும் உண்மையான உதவி. அவற்றை உதவி என்றே எழுதலாம். ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் தணிக்கை நாளில் ஆள் முகாமில் இருந்தாக வேண்டும் என்ற நிலை நீங்கி, அங்கே பிறந்த பிள்ளையின் கையில் ஒரு நாட்டின் குடியுரிமைச் சான்று வரும்போது 'மறுவாழ்வு' என்று எழுதட்டும். அன்றைக்குக் கூடவே 'முகாம்' என்ற சொல்லையும் அழிக்க வேண்டியிருக்கும்.