கைதட்டலில் ஒரு விசில்

மொத்தம் பதினான்கு விருதுகள். பதினான்கு முறையும் கைதட்டல் கேட்கிறது. பதினான்கு முறையும் மூன்றாவது நொடியில் யாரோ ஒருவர் விசில் அடிக்கிறார். அதே விசில், அதே ஆள். முதல் இரண்டு தடவை எனக்கு உறைக்கவில்லை. ஐந்தாவது விருதுக்கு மேலே அந்த விசிலுக்காகவே காத்திருக்க ஆரம்பிச்சுட்டேன்.

2021 ஜூன் மாதம் இணையத்தில் வெளியான ஒரு கல்லூரி விருது விழாவின் வீடியோ இது. கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எடிட் செய்தவள் என் பெரியப்பா மகனின் மகள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுபவள். அப்போது விஸ்காம் இரண்டாம் ஆண்டு. கல்லூரி கர்நாடகப் பக்கம், வீடு இந்தப் பக்கம் பேரிகையில். அந்த வருஷம் மே 10ஆம் தேதி இரண்டு மாநிலத்திலும் ஒரே நாளில் ஊரடங்கு ஆரம்பித்தது. கல்லூரி விழா மேடையிலிருந்து அவள் மடிக்கணினிக்கு இறங்கியது அப்படித்தான்.

பேரிகை தெரியாதவர்களுக்கு: ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் போனால், ரோஜாவுக்குப் போட்ட பாலித்தீன் கூடாரங்களைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். டீக்கடை பெஞ்சில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வரும். எல்லை தாண்டிக் கொஞ்ச தூரத்தில்தான் மாஸ்தி. 1983க்கான ஞானபீட விருது பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் பெயரில் இருக்கிற மாஸ்தி அதுதான். வீட்டில் பேசிய மொழி தமிழ், எழுதிய மொழி கன்னடம். இந்தப் பக்கத்தில் அது ஒரு அதிசயமே இல்லை. மொழி விஷயம் பின்னால் வரும், அதனால் இப்பவே சொல்லி வைக்கிறேன்.

உறவுக்காரப் பெண் செய்த வேலையை விமர்சிக்கலாமா என்று தயங்கினேன். ஆனால் இந்த மாதிரி வீடியோவை ஒரு படைப்பாக எடுத்துக்கொண்டு யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஊரடங்குக் காலத்தில் ஆயிரக்கணக்கில் இப்படிச் செய்தார்கள், யாரோ ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒட்டினார்கள். ஆகவே எழுதுகிறேன்.

மேடையில் விருது கொடுக்கும்போது ஒரு கை நீட்டுகிறது, இன்னொரு கை வாங்குகிறது. அந்த நொடிக்குத்தான் விழா. இணைய விழாவில் அந்த நொடி எந்த ஊரிலும் நடப்பதில்லை. கொடுப்பவர் ஒரு கிளிப், வாங்குபவர் இன்னொரு கிளிப். நடுவில் இருக்கிற வெட்டில்தான் விருது கை மாறுகிறது. அதாவது, விருதைக் கொடுப்பதே எடிட்டர்தான். சினிமாவுக்கு இது பழைய சங்கதி. ரஷ்யாவில் குலெஷோவ் மாஸ்கோவில் எடுத்த காட்சிகளோடு வாஷிங்டன் வெள்ளை மாளிகையின் காட்சியை ஒட்டி, எல்லாம் ஒரே ஊர் என்று பார்வையாளரை நம்ப வைத்து நூறு வருஷம் ஆகிறது.

இதை வெளிப்படையாக ஒத்துக்கொண்டு விளையாடியவர்கள் இக் நோபல்காரர்கள். 2020இல் அவர்கள் விழா முன்பதிவு செய்த வீடியோவாக வந்தது. நிஜ நோபல் பெற்ற ஒருவர் பரிசைத் தன் ஃபிரேமின் ஓரத்துக்கு வெளியே தள்ளுவார். அடுத்த ஃபிரேமில் வென்றவர் ஓரத்திலிருந்து அதை இழுத்து எடுப்பார். பரிசு என்பதே அச்செடுத்து மடித்து ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு பிடிஎஃப். ஏமாற்று வேலை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் கை மாறியதாகவே தோன்றும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நல்ல வெட்டை நான் பெரிய விழாக்களில் பார்க்கவில்லை.

நம்ம பொண்ணுக்கு இப்படித் திட்டமிட வாய்ப்பே கிடைக்கவில்லை. துறைத்தலைவர் ஜூமில் ஒவ்வொருவராக அழைத்து "நீங்கள் வென்றிருக்கிறீர்கள்" என்று சொன்ன பதிவு ஒன்று. வென்றவர்கள் தங்கள் போனில் எடுத்து அனுப்பிய நன்றியுரை இன்னொன்று. முதல் சுற்றில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் வீடியோவாகவே அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப் சுருக்கியதில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி மறுபடியும் வாங்கினாள். அதற்கு மேல் பெரிய ஃபைல் என்றால் கூகுள் டிரைவ். பேரிகையில் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் நெட் இறங்கி வரும்.

அடுத்த தொல்லை வெளியே தெரியாதது. போன் கேமரா நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதிவு செய்வதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்துக் கூட்டும், குறைக்கும். எடிட்டிங் மென்பொருளோ சீரான கணக்கை எதிர்பார்க்கிறது. ஆகவே ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டிப் போகும். மூன்றாவது நிமிஷத்தில் வாய் மூடியபிறகு வார்த்தை வரும். ஒவ்வொரு கிளிப்பையும் ஹேண்ட்பிரேக்கில் போட்டுச் சீரான வேகத்துக்கு மாற்றி, அப்புறம்தான் டாவின்சி ரிசால்வுக்குள் கொண்டுவந்திருக்கிறாள். முடிந்த வீடியோவில் ஒரு இடத்தில்கூட உதடு பிசகவில்லை. பார்க்கிற யாருக்கும் இது ஒரு வேலையாகவே தெரியாது. நான் முதலில் பாராட்டுவது இதைத்தான்.

இனி குறைகள். தங்கத்தூள் பறக்கிற தலைப்பு அட்டை ஒவ்வொரு விருதுக்கும் ஆறு நொடி. இரண்டே போதும். பேச்சுக்கு அடியில் பியானோ ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் பேசினாலும் ஒரே சோகம். விசிலைச் சொல்லிவிட்டேன்.

இந்த வெற்றுக் கைதட்டல் பேரிகைக்கு மட்டும் சொந்தமில்லை. 2020 செப்டம்பர் 20, 72ஆவது எம்மி விழா. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேபிள்ஸ் சென்டரில் ஜிம்மி கிம்மல் ஜோக் அடிக்கிறார், அரங்கமே சிரிக்கிறது, நட்சத்திரங்கள் கைதட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் உண்மையைக் காட்டுகிறார்கள்: எல்லாம் பழைய விழாக்களில் எடுத்த காட்சிகள், அரங்கம் காலி. அவர்கள் பொய்யைச் சொல்லிவிட்டு, தாங்களே அதை உடைத்தார்கள். நம் வீடியோவில் பொய் கடைசிவரை பொய்யாகவே ஓடுகிறது. பதினான்கு பேர் வீட்டிலும் அந்த நேரம் இருந்தது மின்விசிறிச் சத்தம்தான். அதையே விட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று. ஒரு பையன் நன்றி சொல்லும்போது அப்பாவைப் பற்றிப் பேச வந்து நிற்கிறான். அசல் கிளிப்பில் நான்கு நொடி மௌனம், அப்புறம் "அப்பா இருந்திருந்தா" என்கிறான். வெளியான வீடியோவில் அந்த நான்கு நொடி இல்லை. வாக்கியங்களுக்கு நடுவே இருக்கிற மூச்சையெல்லாம் நறுக்கிவிட்டாள். யூடியூபில் எல்லோரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள், கைப்பழக்கம். விளைவு, அந்தப் பையன் தகவல் சொல்வது போல அப்பாவைச் சொல்லிக் கடந்து போகிறான். இதற்கு மேலிட உத்தரவு எதுவும் கிடையாது, இவளே செய்தது. கேட்டேன். "டெட் ஏர் சித்தப்பா" என்றாள்.

2021 பிப்ரவரி 28 கோல்டன் குளோப் விழாவில் டேனியல் கலூயா துணை நடிகர் விருது வாங்கும்போது அவர் குரலே வரவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. அறிவித்த லாரா டெர்ன் மன்னிப்புக் கேட்டு முடித்துவைக்கப் போகும்போது குரல் வந்து சேர்ந்தது. அந்த விழாவில் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிற இடம் அது ஒன்றுதான். ஒரு மனுஷன் நிஜமாகவே வேறெங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்போதுதான் நம்பினேன்.

அதே ஏப்ரலில் ஆஸ்கர்காரர்கள் ஜூமே வேண்டாம் என்று ரயில் நிலையத்தில் விழா வைத்தார்கள். வழக்கத்தை மாற்றிச் சிறந்த நடிகர் விருதைக் கடைசியில் வைத்தார்கள். வென்ற ஆன்டனி ஹாப்கின்ஸ் அங்கே இல்லை. விழா சட்டென்று முடிந்துபோனது. மறுநாள் காலை வேல்ஸிலிருந்து வெட்டவெளியில் நின்று அவர் ஒரு சின்ன வீடியோ போட்டார். எடிட்டரே தேவைப்படாத நன்றியுரை.

மாஸ்தி வாங்கிய அதே ஞானபீடம், 2020 செப்டம்பர் 24. மலையாளக் கவிஞர் அக்கித்தத்துக்கு 94 வயது. பாலக்காடு மாவட்டம் குமரநல்லூரில் அவர் வீட்டிலேயே விருது கொடுத்தார்கள். முதல்வர் பினராயி விஜயன் இணைய வழியில், அமைச்சர் ஏ.கே.பாலன் நேரில். மூன்றே வாரத்தில், அக்டோபர் 15 அன்று, அக்கித்தம் காலமானார். அந்த வீடியோ இனி விழாப் பதிவு மட்டுமில்லை. அவரைப் பற்றி யார் படம் எடுத்தாலும் கடைசிப் பகுதிக்கு அதைத்தான் தேடி வருவார்கள். எந்தக் கிளிப் பின்னால் என்னவாக ஆகும் என்று வெட்டுகிறவருக்குத் தெரியாது. நான்கு நொடிக்கு நான் இவ்வளவு சண்டை போடுவது இதனால்தான்.

இப்போது மொழி விஷயம். வெளியான வீடியோ 38 நிமிஷம். அவள் முதலில் செய்து வைத்திருந்தது 44. அந்த ஆறு நிமிஷத்தில் பெரும்பகுதி தலைப்பு அட்டைக்கும் மூச்சுக்கும் நடுவே போனது. ஆனால் ஒரு 41 நொடித் துண்டு மட்டும் உத்தரவின் பேரில் வெட்டப்பட்டது.

ஜூம் பதிவில், யார் சத்தம் கொடுக்கிறார்களோ அவர் முகம் பெரிதாக வரும். பதின்மூன்று பேர் மைக்கை அணைத்துவிட்டு மௌனமாகக் கேட்டார்கள். அதனால் அறிவிப்பு நேரம் முழுக்கத் துறைத்தலைவர் முகம்தான். சிறந்த புகைப்படத்துக்கு வென்ற பெண் மட்டும் மைக்கை அணைக்கவில்லை. பேரிகைக்குப் பக்கத்துக் கிராமம், வீட்டு மொழி தெலுங்கு. பெயரைச் சொன்னதும் "வச்சிந்தம்மா!" என்று ஒரு குரல். விருது வந்துடுச்சும்மா என்று அர்த்தம். ஜூம் ஆளை மாற்றக் கொஞ்சம் நேரம் எடுக்கும் இல்லையா? அதனால் அந்தக் கத்தல் துறைத்தலைவரின் கண்டிப்பான முகத்தின் மேல் கேட்கிறது. ஃபிரேம் அவளுக்கு மாறும்போது அவள் ஏற்கனவே திரும்பிவிட்டாள். நமக்குத் தெரிவது முதுகும் பின்னலும் திறந்த கதவும். வெளியே மாடு கத்துகிறது. கொஞ்ச நேரம் காலி நாற்காலி. அப்புறம் கையில் மாவோடு அம்மா எட்டிப் பார்த்து, ஸ்க்ரீனில் இருக்கிற பெரிய மனிதரைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்கிறார்.

இந்த 41 நொடியில் இவள் எங்கேயும் கை வைக்கவில்லை. பியானோ இல்லை, கைதட்டல் இல்லை. மொத்த வீடியோவிலும் அவளுடைய நல்ல எடிட்டிங் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். எங்கே வெட்டக் கூடாது என்று அவளுக்கு ஒரு இடத்திலாவது தெரிந்திருந்தது.

கல்லூரியிலிருந்து வந்த பதில்: ஒழுங்காக இல்லை, மொழியும் எல்லோருக்கும் புரியாது, எடுத்துவிடவும். அந்த இடத்தில் இப்போது அதே பெண் ஆங்கிலத்தில் நன்றி சொல்கிறாள். கேமராவுக்குப் பக்கத்தில் காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். கண் இடமிருந்து வலமாக ஓடுவது தெரிகிறது. முடிந்ததும் கைதட்டல், மூன்றாவது நொடியில் விசில்.

வெட்டச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. மூன்று மொழியும் புழங்குகிற ஊர்க்காரியின் ஒரே ஒரு தெலுங்குச் சொல் யாருக்குப் புரியாமல் போய்விடும்? முகத்தைப் பார்த்தாலே புரிந்திருக்கும். முதுகைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நான்கு நொடி மௌனத்தை வெட்டியதும் இதே வேலைதான் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெண்டும் ஒண்ணா சித்தப்பா என்றாள். ஒண்ணுதான் என்றேன். அரைமணி நேரம் பேசவில்லை.

நீளமான வீடியோவை வெளியிட அவளுக்கு உரிமை இல்லை. அந்த 41 நொடியை மட்டும் தனியாக எடுத்து, டாக்குமென்ட்டாகவே, அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். அந்த அம்மா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாராம். பையனின் கிளிப்பையும் மூச்சோடு அனுப்பு என்றேன். தேடிப் பார்க்கிறேன் என்றாள், அசல் ஃபைலை இடம் போதாமல் அழித்திருக்கலாமாம்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "அந்த விசில் நிஜமாவே அவ்ளோ கேட்குதா?"

ஐந்தாவது விருதுக்கு மேலே கேட்குது என்றேன்.