கிராம்பும் புகையும் ஒரே குடும்பம்

தோல் மணம் வீசும் செண்ட் எதிலும் தோல் கிடையாது. பச்சைத் தோலுக்கு இருப்பது வாடைதான். புதுச் செருப்பையோ குதிரைச் சேணத்தையோ நல்ல கைப்பையையோ மூக்கருகே கொண்டுபோகும்போது நாம் முகர்வது, அதைப் பதனிட்டவர் ஏற்றிய பட்டைச் சாறும் எண்ணெயும் புகையும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் ஊர்த் தோலுக்கு ஒரு வாசம், குரோம் உப்பில் பதனிட்டதற்கு வேறு வாசம். ஐரோப்பிய வாசனைக் கலைஞர்கள் மனம் பறிகொடுத்தது ரஷ்யத் தோலிடம். வில்லோ மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, பிர்ச் மரப்பட்டையைச் சூடேற்றி வடித்த கரிய எண்ணெயைத் தேய்த்து ஏற்றிய தோல் அது. பூச்சி அரிக்காது, தண்ணீர் எளிதில் ஏறாது, புகைமணமும் போகாது.

எந்த அளவுக்குப் போகாது என்பதற்கு ஒரு கப்பலே சாட்சி. 1786 டிசம்பரில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்கு இந்தத் தோலை ஏற்றிக்கொண்டு போன மெட்டா கேத்தரினா என்ற பாய்மரக் கப்பல், புயலுக்கு ஒதுங்கிய இடத்தில், இங்கிலாந்தின் பிளிமத் அருகே மூழ்கியது. 1973இல் முக்குளிப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். சேற்றில் புதைந்து கிடந்த தோல் கட்டுகளில் பல கெடாமலே இருந்தன. கழுவிக் காயவைத்து எண்ணெயிட்டதும் கைவினைஞர்கள் அவற்றில் காலணியும் பையும் தைத்தார்கள். நூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் கிடந்த பிறகும் அந்தப் புகைமணம் தோலை விட்டு நீங்கவில்லை.

தோல் மணத்தோடு கிராம்பு போன்ற மசாலாவையும் சேர்க்கும் செண்ட் வகை ஒன்று உண்டு. இந்தச் சேர்க்கை ஏதோ ஒரு நவீனக் கலைஞரின் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. இன்று மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பேர்போன பிரான்சின் கிராஸ் நகரம், முதலில் தோல் பதனிடும் ஊராக இருந்தது. அக்காலத்துப் பதனிடலில் சாணமும் சிறுநீரும் புழங்கின. கையுறை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வாடை அடித்தது. அதனால் கையுறை தைத்தவர்களே அதற்கு மணமும் ஏற்றினார்கள். 1614இல் பதின்மூன்றாம் லூயி மன்னர் அவர்களை ‘கையுறை, வாசனைக் கலைஞர்கள்’ என்ற ஒரே தொழிலினராக அங்கீகரித்தார். ‘ஸ்பானியத் தோல்’ என்று வழங்கிய பழைய மணக்கலவையின் செய்முறைகளில் ரோஜா, சந்தனம், நெரோலி ஆகியவற்றின் பக்கத்திலேயே கிராம்பும் லவங்கப்பட்டையும் உட்கார்ந்திருக்கின்றன.

வாடையை மறைக்க வந்த மசாலா தோலோடு இவ்வளவு இழைந்து நிற்பதற்கு வேதியியலில் ஒரு காரணம் உண்டு. எனக்கு இந்த மண வகைமீது தீராத மதிப்பு வந்ததே அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான். மரம் எரியும்போது அதிலுள்ள லிக்னின் சிதைந்து குவாயகால் என்ற மூலக்கூறு பிறக்கிறது. புகைமணத்துக்கு அதுவே முக்கியமான ஆதாரம். குவாயகாலின் வளையத்தில், குறிப்பிட்ட ஓரிடத்தில், மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட சிறு கிளை ஒன்று ஒட்டினால் அது யூஜெனால். கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கு அதுதான். அதே இடத்தில் அந்தக் கிளைக்குப் பதிலாக ஆல்டிஹைடு தொகுதி ஒன்று வந்தால் அது வனிலின், வனிலாவின் உயிர். வனிலினை ஒரு காலத்தில் கிராம்பு எண்ணெயிலிருந்து செய்தார்கள்; இன்று பெரும்பாலும் குவாயகாலிலிருந்து செய்கிறார்கள். புகை, கிராம்பு, வனிலா மூன்றும் ஒரே எலும்புக்கூட்டின் மூன்று முகங்கள். மசாலா கலந்த ஒரு நல்ல தோல் மணம் நம் சருமத்தில் கிராம்பிலிருந்து புகைக்கும், புகையிலிருந்து வனிலாவுக்கும் நகரும்போது தையல் தெரியாமல் போவது இதனால்தான்.

இந்த நகர்வை நான் அறிந்த வரையில் மிக அழகாகக் காட்டுவது ஹெர்மேஸ் நிறுவனத்தின் ‘பெல் அமி’. 1986இல் ஜான் லூயி சூசாக் உருவாக்கியது. 1837இல் பாரிஸில் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் ஹெர்மேஸ். தோல் மணத்தைப் பேச அதற்கு உரிமை உண்டு. செண்டின் பெயர், பெண்களின் தயவால் பாரிஸில் மேலேறிய ஓர் அழகனைப் பற்றி மாப்பசான் 1885இல் எழுதிய நாவலிலிருந்து வந்தது. சூசாக்கின் மற்ற படைப்புகளோடு வைத்துப் பார்த்தால் பெல் அமியின் இடம் தெளிவாகும். 1977இல் வந்த ‘ஓபியம்’ அவர் ஜான் அமிக்குடன் சேர்ந்து செய்தது. கிராம்பும் பிசினும் பொங்கி வழியும் மசாலாக் கடல். 1988இல் வந்த ‘ஃபாரன்ஹீட்’டிலும் அவர் கை உண்டு, அது பெட்ரோல் வாடையும் வயலட் இலையும் தோலும் கலந்த வறண்ட மணம். இவை இரண்டுக்கும் நடுவில் பெல் அமி. முதலாவதன் மசாலாவும் இரண்டாவதன் தோலும் இதில் ஒரே அளவில் மூச்சு விடுகின்றன.

மணிக்கட்டில் அடித்தவுடன் ஆல்கஹால் பறந்துவிடும். முதலில் எழுவது எலுமிச்சையும் ஏலக்காயும். நாம் பாயசத்தில் சந்திக்கும் ஏலக்காய் நெய்யோடும் வெல்லத்தோடும் சேர்ந்து வருவது. இங்கே அது துணையில்லாமல் வருகிறது. அதிலுள்ள சினியோல், யூக்கலிப்டஸ் தைலத்துக்கும் உரிய அதே பொருள், ஒரு குளிர்ச்சியைக் கொடுக்கிறது. சேஜ் மூலிகையின் கசப்பு அதன் இனிப்பை வெட்டிவிடுகிறது. நம் மூக்குக்கு இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரருக்கு ஏலக்காயும் சீரகமும் தூர தேசத்துப் பொருட்கள். நமக்கு அவை அடுக்களை. மேல்நாட்டு ரசிகர்கள் வாசனைத் திரவியத்தில் சீரகம் வந்தால் வியர்வை என்பார்கள், நாம் ரசம் என்போம். ஆகவே தமிழ் மூக்கை நம்பவைப்பது ஒரு வாசனைக் கலைஞருக்குக் கடினமான சோதனை. பெல் அமி அதில் தேறிவிடுகிறது. ஏலக்காயின் அடியிலேயே, முதல் நிமிடத்திலிருந்தே, தோல் இருப்பதுதான் காரணம். புகை சார்ந்த சிறு மூலக்கூறுகள் நாம் நினைப்பதைவிட விரைவாக ஆவியாகக்கூடியவை; எலுமிச்சையோடு அவையும் எழுந்து வந்து ஏலக்காயைச் சமையலறையிலிருந்து வெளியே கூட்டிவந்துவிடுகின்றன.

காரமான செண்ட் என்று சொன்னால் மூக்கு எரியுமோ என்று கேட்பவர்கள் உண்டு. எரியாது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் ஆவியாகி மேலெழாத பொருள், காய்ச்சி வடித்த மிளகெண்ணெயில் அது வராது. மணத்தில் காரம் என்பது மரமும் உலர்ந்த தோலும் சேர்ந்த ஒரு கூர்மை, அவ்வளவுதான்.

எலுமிச்சை அரை மணி நேரத்துக்குள் விடைபெறும். அதற்குப் பிறகு வரும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பெல் அமியின் உச்சம். கார்னேஷன் பூவின் மணம் மெல்ல மேலேறுகிறது. வாசனைத் தொழிலில் கார்னேஷன் என்றால் பெரும்பாலும் யூஜெனாலும் அதன் உறவுப் பொருளான ஐசோயூஜெனாலும். கிராம்பைப் பூவாக்கிக் காட்டும் வித்தை. இந்தக் கிராம்பு பல்வலிக்கு வைக்கிற கிராம்பைப் போலக் குத்துவதில்லை. ஐரிஸ் கிழங்கின் மாவுத்தன்மை அதன்மேல் படிந்து முனையை மழுக்குகிறது. அதன் கீழே தோல் கனத்து வருகிறது: முதலில் பட்டறையின் புதுத் தோல், பிறகு மெழுகு தேய்த்த சேணம், பிறகு பல ஆண்டு கைபட்டு வழவழப்பான பை. கிராம்பு எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க நான் எத்தனையோ மாலைகளில் முயன்றிருக்கிறேன். கோடு கிடைக்கவே இல்லை. ஒரு தேர்ந்த தவில்காரரின் இரு கைகளும் சேர்ந்து ஒரே சொல்லை எழுப்புவதைப் போல இரண்டும் ஒரே மணமாகக் கேட்கின்றன.

சாதாரணத் தோல் செண்ட்கள் தோற்பது இந்தக் கட்டத்தில்தான். அவற்றில் மசாலா மேலே தூவிய அலங்காரம். பத்து நிமிடத்தில் அது பறந்ததும், எஞ்சும் தோல் ரப்பரும் கசப்புமாகத் தனித்து நிற்கும். அந்தக் கசப்புக்குப் பெரும்பாலும் பொறுப்பு ஐசோபியூட்டைல் குயினோலின் என்ற செயற்கைப் பொருள்: பச்சை வேரும் கரியும் சேர்ந்த மணம், கொஞ்சம் கூடினாலும் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். 1944இல் ஜெர்மேன் செல்லியே ‘பண்டி’ என்ற செண்டில் அதைத் துணிந்து அள்ளிப் போட்டார். அது பெரிய படைப்பு. அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் கைவராது.

மாலைக்குள் பெல் அமி சருமத்தோடு ஒட்டிவிடும். இப்போது எட்ட நிற்பவருக்கு அது தெரியாது, பக்கத்தில் வருபவருக்குத் தெரியும். வெட்டிவேரும் பச்சௌலியும் மண்வாசம் தருகின்றன. ஓக் மரங்களில் படரும், ஓக் பாசி எனப்படும் லைக்கன் ஒரு நிழல் தருகிறது. ஸ்டைராக்ஸ் பிசின்தான் இந்த அடிமணத்தின் மறைந்த நாயகன். அதில் லவங்கப்பட்டையின் நெருங்கிய சொந்தமான சின்னமேட்டுகள் இருப்பதால், கிராம்பு போன பிறகு மசாலா வேறு வடிவில் திரும்பி வருகிறது. கடைசியில் வனிலா. அது ஐஸ்கிரீம் வனிலா ஆவதில்லை. குவாயகாலின் தங்கை என்பதை நினைவூட்டுவதுபோல் அதில் லேசான புகை ஒட்டியிருக்கிறது. மறுநாள் காலையில் சட்டைக் கைமடிப்பில் எஞ்சுவது இந்தப் புகைந்த இனிப்பும் கொஞ்சம் தோலும்.

எல்லார் மேனியிலும் இதே கதை இதே வேகத்தில் நடக்காது. நம் சருமத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய 32, 33 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. அந்தச் சூடுதான் கனமான மூலக்கூறுகளை எழுப்புவது. எண்ணெய்ப்பசை உள்ள சருமம் மணத்தைப் பிடித்துவைத்து மெதுவாக விடும். வறண்ட சருமத்தில் முதல் இரண்டு கட்டங்களும் அவசரமாக முடியும். கடையில் நீட்டும் காகிதப் பட்டையில் சூடும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதில் எலுமிச்சை தேவைக்கு மேல் நிற்கும், தோல் பாதிதான் திறக்கும். மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்பது கட்டுக்கதை. தேய்ப்பதால் சூடு கூடுகிறது, மேல்மணம் சீக்கிரம் ஓடிவிடுகிறது; தேய்க்காமல் இருக்க அந்த ஒரு காரணம் போதும்.

இந்த வகையின் மற்ற பெரிய பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். 1919இல் கரோன் நிறுவனத்துக்காக எர்னஸ்ட் டால்ட்ரோஃப் செய்த ‘தபாக் ப்ளோன்’, கார்னேஷனையும் தோலையும் இணைத்த முன்னோடி. சிகரெட் பிடிக்கத் தொடங்கியிருந்த புதிய பெண்களுக்கானது. எட்மோன் ருட்னிட்ஸ்கா 1951இல் ஹெர்மேஸுக்காகச் செய்த ‘ஓ தெர்மேஸ்’, பெல் அமிக்கு அப்பன் முறை. அதில் சீரகம் பயமில்லாமல் முன்னால் நிற்கும், தமிழ் மூக்கு அதற்குப் பழகக் கொஞ்சம் நாளாகும். செர்ஜ் லூட்டன்ஸின் ‘கியூர் மொரெஸ்க்’ இன்னும் இனிப்பானது, மொராக்கோக் கடைத்தெருவின் மசாலா. எனக்கு அது கொஞ்சம் திகட்டும்.

பழைய பெல் அமியும் இன்றைய பெல் அமியும் ஒன்று அல்ல. ஓக் பாசியிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் ஒவ்வாமை காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடைசெய்தது. ஐசோயூஜெனாலுக்கும், பிர்ச் பட்டையின் கரிய எண்ணெயான பிர்ச் தாருக்கும் இத்தொழிலின் சர்வதேச அமைப்பு கடுமையான வரம்புகள் வைத்திருக்கிறது. சருமத்தைக் காக்கும் விதிகள் அவசியம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இழப்பு உண்மை: 1980களின் புட்டியில் அடிமணம் இருண்டு, ஈரமாக, மரநிழல்போல் இருக்கும், புதியதில் அது வறண்டு, துடைத்துச் சுத்தமாக இருக்கிறது. 2013இல் ஜான் கிளோத் எலேனா செய்த ‘பெல் அமி வெட்டிவேர்’ தோலைக் குறைத்து வேரைக் கூட்டிய வேறொரு பாதை. நல்ல செண்ட், வேறு செண்ட். எப்படியிருந்தாலும் அந்த நடு இரண்டு மணி நேரம், கிராம்பும் தோலும் பிரிக்க முடியாமல் நிற்கும் நேரம், புதிய புட்டியிலும் பிழைத்திருக்கிறது. அதற்காகவே இது இன்றும் வாங்கத் தகுந்தது.

சென்னையில் இருப்பவர்கள் சித்திரை வைகாசி வெயிலில் இதைச் சோதித்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். அந்த வெக்கையில் ஏலக்காய் நின்று பேசாது, தோல் மூச்சை அடைக்கும். மார்கழி மாலையோ மழை ஓய்ந்த நாளோ சரியான பொழுது. வெள்ளை வேட்டியிலும் பட்டுப்புடவையிலும் அடிக்காதீர்கள், கறை படியலாம். கடையில் காகிதத்தை முகர்ந்த கையோடு பணம் கொடுக்காதீர்கள். மணிக்கட்டில் ஒரே ஒரு முறை அடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். மதியத்திலும் இருட்டிய பிறகும் முகர்ந்து பாருங்கள். இரண்டு வேளையும் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம்.