கைத்திறனும் கணக்கொப்புவித்தலும்

எங்கள் கணியூர்ப் பகுதியில் இளைஞர் ஒருவர் இருக்கிறார். வாரம் ஆறு நாள் திருப்பூர்ப் பனியன் நிறுவனம் ஒன்றில் நிட்டிங் மெஷின் மெக்கானிக் வேலை. ஞாயிறு பிற்பகலில் தகரத்தையும் பழைய பல்சக்கரங்களையும் கொண்டு சிறு பேருந்து செய்வார். கதவு திறக்கும், சக்கரம் திரும்பும். "இதனால் யாருக்கு என்ன பயன் சாமி?" என்று அவருடைய தாயார் ஒருநாள் என்னிடம் முறையிட்டார். அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அண்மையில் மீண்டும் படித்த ஒரு ஆங்கில நாவல் அக்கேள்வியை மறுபடி என் முன் வைத்தது.

நெவில் ஷூட் எழுதிய 'டிரஸ்டீ ஃப்ரம் தி டூல்ரூம்' என்பது அந்நாவல். ஆசிரியர் மறைந்த 1960ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது. கதைத்தலைவர் கீத் ஸ்டூவர்ட், இலண்டனின் ஒரு மூலையில் வாழும் எளிய மனிதர். ஒரு காலத்தில் தொழிற்சாலைக் கருவிப்பட்டறையில் பணிசெய்தவர். இப்போது சிற்றுரு இயந்திரங்களைச் செய்து, செய்முறையை ஒரு வார இதழில் எழுதி, சொற்ப வருவாயில் வாழ்கிறார். அவருடைய தங்கையும் கணவரும் பாய்மரப் படகில் செல்கையில் பசிபிக் கடலின் பவளப்பாறை ஒன்றில் மோதி இறக்கின்றனர். அவர்களுடைய பத்து வயது மகளுக்கு இவரே பொறுப்பாளர். சிறுமிக்குரிய செல்வமோ வைரங்களாக அப்படகின் அடிப்பகுதியில் புதைந்து கிடக்கிறது. கையில் காசில்லாத இவர் உலகின் மறுகோடிக்குப் புறப்படுகிறார்.

வழியெங்கும் இவருக்கு உதவுபவர்கள் யார்? இவருடைய கட்டுரைகளைப் படித்துத் தம் வீட்டுப் பட்டறையில் உழைத்தவர்களே. அமெரிக்க மர வணிகரான பெருஞ்செல்வர் ஒருவர், இவர் எழுதிய செய்முறைப்படி காங்கிரீவ் கடிகாரம் செய்துகொண்டிருக்கிறார். சாயும் மேடையொன்றின் வளைந்து நெளிந்த தடத்தில் ஓர் உருண்டை ஓடி முடிக்க, மேடை மறுபுறம் சாய, உருண்டை திரும்பி ஓடும். அந்த ஓட்டமே நேரத்தை அளக்கும். 1808இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஐயம் கேட்டவருக்கெல்லாம் பொறுமையாக மடல் எழுதியவர் கீத். அந்தப் பொறுமையே அவருக்குப் பயணச்சீட்டாகிறது. தாயாரின் கேள்விக்கு நாவல் தரும் முதல் விடை இதுவே.

ஆயினும் இந்நூலில் எனக்கு இரு குறைகள் தெரிகின்றன. முதலாவது, வைரங்கள் அந்நாளைய பிரித்தானிய அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு மறைத்துக் கொண்டுசெல்லப்பட்டவை. ஆசிரியர் இதை ஒளிக்கவில்லை. ஆனால் எவர் மனச்சான்றையும் அது உறுத்துவதாகவும் காட்டவில்லை. அனாதைக் குழந்தையின் கண்ணீர் வாசகர் வாயை அடைத்துவிடுகிறது. மில்லிமீட்டரில் பிழை பொறுக்காத மனிதர், நேர்மையின் அளவில் மட்டும் இவ்வளவு தாராளமாக இருக்கலாமா?

இரண்டாவது, இங்கே எந்த இயந்திரமும் எவரையும் கொல்வதில்லை. சிற்றுரு பழுதானால் மீண்டும் கடையலாம். தொழிற்பொறியாளருக்கு அந்தச் சலுகை இல்லை. இதை ஷூட் நன்கு அறிந்தவர். அவர் ஆர்-100 என்னும் வான்கப்பலை உருவாக்கிய பொறியாளர்களுள் ஒருவர். அது 1930இல் கனடா சென்று நலமே திரும்பியது. அரசின் சார்பில் கட்டப்பட்ட ஆர்-101, அதே ஆண்டு அக்டோபரில் இந்தியா நோக்கிப் புறப்பட்டு, பிரான்சில் வீழ்ந்து எரிந்தது. 48 பேர் மாண்டனர். போதிய சோதனையின்றி, குறித்த நாளில் கிளம்பியே தீரவேண்டும் என்ற அவசரத்தை ஷூட் தம் தன்வரலாற்றில் கடுமையாகச் சாடினார். அந்தக் கசப்பின் ஒரு துளியேனும் இந்நாவலில் கலந்திருந்தால் அது இன்னும் உயர்ந்திருக்கும்.

நம் மண்ணிலும் இதற்கொரு சான்று உண்டு. கோவைக் கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பைத் தொடராதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலைசெய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பகுதி பகுதியாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். அன்று அது வெறும் ஆர்வம். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தம் பேருந்தை ஓட்டினார்; எங்களூருக்குச் சற்றுத் தெற்கே செல்லும் தடம்தான். அன்று அந்த ஆர்வத்தில் மனிதர்கள் ஏறி அமர்ந்தார்கள். ஒரு திருகாணி தளர்ந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 1937இல் மின்மோட்டார் உருவாக்கத்தில் பங்கு, 1945இல் தொழில்நுட்பக் கல்விக்கூடம் என்று அவர் வளர்ந்தது அந்தப் பொறுப்பைச் சுமந்தபடியே.

ஆனால் நாம் அவரை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? 'இந்தியாவின் எடிசன்' என்றொரு பட்டம், அதன்கீழ் வியப்புகளின் பட்டியல். பிரித்த வண்டி முதல்முறை பூட்டுகையில் சேர்ந்ததா, எத்தனை இரவு விழித்தார் என்று எவரும் கேட்பதில்லை. ஷூட்டின் நாவல் உழைப்பைச் சொல்லி இழப்பை மறைக்கிறது. நம் கதைகளோ உழைப்பையே மறைத்துவிடுகின்றன. இரண்டில் நம் குறையே பெரிது என்பேன். வியந்து கைகூப்பும் சிறுவன் திருப்புளியைத் தொடமாட்டான்.

அந்த இளைஞரிடம் இதைப் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டு, பின்னல் இயந்திரத்தில் ஒரே ஓர் ஊசியின் கொக்கி உடைந்தாலும் துணி நெடுகக் கோடு விழும் என்றும், பேருந்து செய்து பழகிய கண்ணே அதைச் சட்டென்று பிடிக்கிறது என்றும் சொன்னார். மறு ஞாயிறு அவர் தாயாரைக் கண்டபோது அதையே விடையாகச் சொன்னேன். "அப்படியானால் செய்யட்டும் சாமி, ஆனால் சாப்பிட்டுவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்" என்றார்.

ஆங்கிலம் ஓரளவு அறிந்த இளையோர் இந்நாவலைப் படிக்கலாம். படித்தபின், வைரங்களைப் பற்றித் தம் பெற்றோருடன் ஒருமுறை விவாதிக்கவும் வேண்டும்.