மாய உலகில் உழைப்பின் பாடம்

ஓர் இலக்கியம் மனிதனை எவ்விடத்தில் நிறுத்திக் கதையைத் தொடங்குகிறது என்பது அதன் நோக்கைப் பெரிதும் காட்டிக்கொடுக்கும். காவிய நாயகன் அரண்மனையிற் பிறக்கிறான். நவீன நாவலின் நாயகனோ பெரும்பாலும் வேலை தேடித் தெருவில் நிற்கிறான். இவ்விரு தொடக்கங்களுக்குமிடையே ஒரு சமுதாய மாற்றத்தின் வரலாறே அடங்கியுள்ளது.

கணினித் திரையில் இன்று உலகெங்கும் ஆடப்படும் கற்பனைப் பாத்திர விளையாட்டுக்களையும் இவ்வளவுகோல் கொண்டே அளக்கவேண்டும் என்பது எமது கருத்து. ஆசிரியர் பலர் அவற்றை மாணவரைக் கெடுக்கும் நோயென ஒதுக்குகின்றனர். மாணவரோ அவை வெறும் பொழுதுபோக்கே என்று கூறித் தப்பிக்கொள்கின்றனர். அவற்றில் ஆராய்வதற்கு எதுவுமில்லை என்பதில் இரு சாராரும் ஒத்துப்போகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை.

நாம் ஆராய எடுத்துக்கொண்டது ‘ஓல்ட் ஸ்கூல் றூன்ஸ்கேப்’ என்னும் ஆட்டம். இங்கிலாந்தில் அன்ட்றூ கௌவர் என்பார் தம் சகோதரர் போலின் துணையுடன் ஆக்கிய ‘றூன்ஸ்கேப்’ 2001 சனவரியில் வெளிவந்தது. ஆண்டுகள் செல்ல அது பெரிதும் உருமாறிற்று. பழைய வடிவமே வேண்டுமென்று ஆடுவோர் கோரினர். வாக்கெடுப்பு ஒன்றின் பின்னர், 2007 ஆகஸ்டில் இருந்த வடிவிலேயே அது 2013 பெப்ருவரியில் மீளத் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் இணையவழி ஒருங்கே கூடி உலாவும் இக்கற்பனை உலகின் பெயர் கிலினோர்.

இவ்வகை ஆட்டங்களின் மூதாதை 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. அதில் ஆடப் புகுவோன் முதலில் தன் இனத்தையும் தொழிலையும் வரித்துக்கொள்வான்: மனிதனா, குள்ளனா, வீரனா, மந்திரவாதியா? 2004இல் வந்த ‘வேர்ல்ட் ஒவ் வோர்கிறாவ்ற்’ ஆட்டமும் இம்மரபையே தொடர்ந்தது. அதில் மந்திரவாதியாகத் தொடங்கிய பாத்திரம் இறுதிவரை மந்திரவாதியே. தெரிவு ஆடுபவனுடையது எனினும், அப்பாத்திரத்தைப் பொறுத்தவரை பிறப்போடு தொழில் விதிக்கப்பட்டுவிடுகிறது. இத்தகைய ஏற்பாட்டின் பொருளைச் சாதியமைப்பில் வளர்ந்த எமக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

றூன்ஸ்கேப் இவ்விடத்தில் மரபை உடைக்கிறது. புதியவன் தெரிவு செய்வது தன் தோற்றத்தையும் உடையையும் போன்றவற்றையே. எத்தொழிலும் அவனுக்கு விதிக்கப்படவில்லை. எத்தொழிலையும் அவன் கற்கலாம். பயிற்சித் தீவு ஒன்றில் அவன் விடப்படுகிறான். அங்கே அவனுக்கு முதலிற் கற்பிக்கப்படுவது கொலையன்று. இறால் பிடிக்கிறான், மரந்தறித்து நெருப்பு மூட்டுகிறான், இறாலைச் சுடுகிறான். மாவும் நீரும் பிசைந்து பாண் போடுகிறான். சுரங்கத்தில் வெள்ளீயமும் செம்பும் அகழ்ந்து, உலையில் உருக்கி வெண்கலமாக்கி, பட்டடையில் அடித்துக் குத்துவாள் ஒன்றைச் செய்கிறான். இவ்வளவும் முடிந்த பின்னரே போர்ப் பயிற்சி வருகிறது. மந்திரமோ இறுதிப் பாடம்.

இந்த ஒழுங்குமுறையை நாம் சிறப்பாகக் கருதுகிறோம். ஆயுதம் வானிலிருந்து வருவதில்லை. அகழ்ந்தவன் கையிலிருந்தும் அடித்தவன் கையிலிருந்தும் வருகிறது. வீரத்துக்கு முன்னே உழைப்பு நிற்கிறது. தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வத்தோடும் உணவோடும் மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். ஒரு நிலத்தை அறிவதென்பது அங்கு மக்கள் என்ன செய்து உண்கின்றனர் என்பதை அறிவதே. கிலினோரின் முதல் மணித்தியாலம் இவ்வுண்மையைச் சொற்பொழிவின்றி உணர்த்துகிறது.

தீவிலிருந்து புதியவன் லம்பிறிட்ஜ் என்னும் ஊரை அடைகிறான். அங்குள்ள கோட்டையிற் பிரபு ஒருவர் வாழ்கிறார். அன்று அவர் பிறந்தநாள். பிறந்தநாட் பண்டத்துக்குரிய பொருள்களின்றிச் சமையற்காரன் தவிக்கிறான். அவனுக்காக முட்டை எடுத்து, பசுவிற் பால் கறந்து, வயலிற் கோதுமை கொய்து, காற்றாலையின் மேல்மாடியில் இட்டு அரைத்து, கீழே வந்து மாவை அள்ளிக் கொடுக்கிறோம். விருந்துக்கு எமக்கும் அழைப்புண்டா என்று எமது பாத்திரம் கேட்கிறது. இல்லை, பெரிய மனிதர்க்கு மட்டுமே அங்கு இடம் என்பது விடை. என்றோ ஒருநாள் அவ்விடத்தை அடைவேன் என்று பாத்திரம் கூற, சமையற்காரன் அதிலும் நம்பிக்கை வைக்கவில்லை.

அருகிலே ஒரு பண்ணைக்காரன். அவனுக்கு இருபது கம்பளி நூலுருண்டைகள் வேண்டும். ஆட்டின் மயிர் கத்தரித்து, இராட்டையில் நூற்றுக் கொடுத்தால் அறுபது நாணயங்கள் கிடைக்கும், உருண்டைக்கு மூன்று. துண்டுக்கூலியின் கணக்கை இதைவிட எளிமையாக எந்தப் பாடநூலும் சொல்லித்தராது. இவையெல்லாம் நகைச்சுவைக்காக எழுதப்பட்டவை என்பர். உண்மையே. ஆயினும் பந்தியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதை அறியாதவனுக்கு அந்நகைச்சுவை விளங்காது.

குறையையும் கூறவேண்டும். இவ்வுலகில் உழைப்பு உண்டு, தேவை இல்லை. உணவு காயத்தை ஆற்றும். ஆனால் எவருக்கும் பசிப்பதில்லை. எனவே உழைப்பு விரைவிலேயே எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. ஒரு திறனில் 99ஆம் படியை எட்ட 13,034,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92ஆம் படியில் நிற்பவன் அதிற் பாதியையே கடந்திருக்கிறான். தீமூட்டும் திறனை வளர்க்க விரும்புவோன் மரக்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக்கொண்டே செல்கிறான். அந்நெருப்பிற் குளிர்காய்வார் இல்லை. தீவில் முதல் இறாலைச் சுட்ட நெருப்புக்கும் இதற்குமுள்ள தூரம் சிறிதன்று. செய்பொருளிலிருந்து உழைப்பவன் அந்நியமாதல் என்று நாம் நூல்களிற் படிப்பது இதுவே.

இச்சலிப்பிலிருந்தே பணம் உள்ளே நுழைகிறது. பெரிய சந்தையிற் பொருள் வாங்குபவன் விற்பவன் முகத்தைக் காண்பதில்லை. கையிற் காசுள்ள புதியவன் ஆரம்ப உழைப்பைத் தாண்டிச்செல்ல விரும்புகிறான். ஆட்டத்தின் பொன்னை வெளியே உண்மைப் பணத்துக்கு விற்பதும் வாங்குவதும் நிறுவனத்தின் விதிப்படி குற்றம். ஆனால் அந்நிறுவனமே 2015 முதல் ‘பொண்ட்’ என்னும் பத்திரத்தை உண்மைப் பணத்துக்கு விற்கிறது. அதை வாங்கியவன் ஆட்டத்தினுள்ளே பொன்னுக்கு விற்றுக்கொள்ளலாம். விதி தடுப்பது விற்பனையையா, அன்றி அதன் இலாபம் பிறர் கைக்குப் போவதையா? 2021இல் கார்லைலும் 2024இல் சி.வி.சி.யும் எனப் பெரும் முதலீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வாட்டத்தின் உரிமையைப் பெற்றுள்ளன என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

அப்பொன்னை அகழ்ந்தவர் யார்? 2010களின் பிற்பகுதியில் வெனிசுவேலா நாட்டின் நாணயம் பெறுமதியிழந்தது. சம்பளத்தால் உணவு வாங்கவியலாத இளைஞர் பலர் பழைய கணினிகளின் முன்னமர்ந்து, கிலினோரின் காட்டுநிலத்திற் பச்சை டிராகன்களைக் கொன்று, எலும்பும் தோலும் சேர்த்துப் பொன்னாக்கி, வெளிநாட்டார்க்கு விற்று உண்டனர். ஆடுவோர் ஒருவரையொருவர் தாக்கக்கூடிய நிலம் அது. வெனிசுவேலர்களைத் தேடிக் கொல்வது எப்படி என்று 2017இல் வழிகாட்டிக் குறிப்பே எழுதப்பட்டது. 2019 மார்ச்சில் அந்நாடெங்கும் மின்சாரம் தடைப்பட்டபோது இப்பிழைப்பும் தடைப்பட்டது.

பசியே இல்லாத உலகத்தினுள் பசி இவ்வாறு வந்து சேர்ந்தது. வேட்டையாடியவனுக்கு அது விளையாட்டு. வேட்டையாடப்பட்டவனுக்கு அன்றைய உணவு. இவர்கள் ஆட்டத்தின் ஒழுங்கைக் கெடுத்தனர் என்ற குற்றச்சாட்டு உண்டு. விலையேற்றத்தால் ஏனைய ஆட்டக்காரர் நட்டமடைந்ததையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் வாங்குவோனின்றி விற்போன் இல்லை. தன் இறாலைத் தானே சுட மனமில்லாதவன் இருக்கும்வரை, அவனுக்காகச் சுடும் ஏழை எங்கோ ஒரு மூலையில் இருப்பான்.

ஆகவே இவ்வாட்டத்தின் மிகச் சிறந்த பகுதி, பலரும் அவசரமாகக் கடந்துசெல்லும் அதன் தொடக்கமே என்பது எமது முடிவு. அங்கே உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பிற்பகுதியில் அது சந்தையின் பின்னே மறைகிறது. விளையாடாதே என்று மாணவரிடம் கூறுவதாற் பயனில்லை. அவர்கள் அத்தீவில் மெதுவாக நடக்கட்டும். வெண்கலம் எவ்வாறு உண்டாகிறது என்று பார்க்கட்டும். பின்னர் சந்தைக்குச் சென்று, இப்பொருளைச் செய்தவன் யார், அவன் எங்கே உண்கிறான் என்று கேட்கட்டும். அக்கேள்வி பழகிவிட்டால், கணினியை மூடியபின் தம் ஊர்க் கடையில் நிற்கும்போதும் அது அவர்களை விடாது.